ஒரு தட்டுக்கு நில், இரண்டு தட்டுக்குப் போ

கராஜுக்குப் புதிதாக வரும் தம்பிமார் ஆரம்பத்தில் பிரேக்கைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. பிளேன்டீ குடிக்கிற நேரமாகப் பார்த்து, "பாஸ், பேய் பிடிச்ச வண்டி ஏதும் உங்கட கைக்கு வந்திருக்கா?" என்றுதான் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவது. பாஸுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், பேய் உட்பட. வேலையில் இருந்த காலம் முழுக்க இந்தக் கேள்விக்கு ஒரே மருந்துதான் வைத்திருந்தேன். ஸ்பானரைக் கையில் திணித்து, போய்ச் சில்லைக் கழற்று என்று விரட்டிவிடுவேன். இப்போது விரட்டுவதற்கு எனக்குக் கராஜும் இல்லை, ஸ்பானரும் இல்லை. ஓய்வு பெற்றவனுக்கு வாய் மட்டும்தான் மிச்சம். ஆகவே சொல்கிறேன். ஓம், ஒரு வண்டி வந்தது.

அதற்கு முன் ஒரு சின்னச் சாமானைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொறுமையில்லாதவன் எழுந்து போகலாம். அப்படிப்பட்டவன் பிரேக் வேலைக்கும் வேண்டாம். பெரிய பஸ்ஸில் டிஸ்க் பிரேக் எப்படிப் பிடிக்கிறது? சில்லோடு, அதாவது சக்கரத்தோடு, சேர்ந்து சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் இரண்டு பேட் கவ்விப் பிடிக்கின்றன. இந்தப் பேட் இரண்டையும் யாரும் இறுக்கிப் பூட்டுவதில்லை. கலிப்பரின் வாய்க்குள் மேலிருந்து இறக்கிவிடுகிறோம், ஏனென்றால் அவை டிஸ்க்கை நோக்கிப் போகவும் விலகவும் வேண்டும். ஆனால் மேலே எழும்பக் கூடாது. அதற்காக அந்த வாய்க்குக் குறுக்கே ஓர் இரும்புப் பட்டி. பட்டியைப் பிடிக்க ஒரு பின். பின் கழன்று போகாமல் இருக்க, பெண்பிள்ளைகள் கொண்டையில் குத்துகிற ஊசி அளவில் ஒரு கிளிப். ஒரு பஸ் நிறைய ஆட்களின் உயிர் கடைசியில் அந்தக் கிளிப்பில் போய் நிற்கிறது. நம்முடைய ஊரிலோ கடலும், கடல் உள்ளே புகுந்த களப்பும், உப்பளமும் சுற்றிவர இருக்கின்றன. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கினால் வீட்டு ஜன்னல் கம்பியே கறள், அதுதான் துரு, பிடித்துப் பொருக்குப் பொருக்காக உதிரும். அந்தக் கிளிப் எந்த மூலைக்கு?

இனிக் கதைக்கு வருகிறேன்.

தில்லையடியில் எங்கள் வீட்டுக்குப் பின்வீட்டில் பரீனா என்று ஒரு பெண்பிள்ளை இருந்தாள். எங்களைப் போலவே மன்னாரிலிருந்து வந்த குடும்பம். கற்பிட்டியில் நண்டு பொதி செய்யும் இடத்தில் வேலை. அந்தப் பெண்களை ஏற்றி இறக்குவதற்கு ஒரு பஸ் இருந்தது, வெள்ளை நிறம், டிஸ்க் பிரேக் போட்ட புதுமாதிரி வண்டி. அதைப் பராமரிப்பது எங்கள் கராஜ். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பரீனா வேலியடிக்கு வந்து, நானா என்று என்னைக் கூப்பிட்டாள். எங்கள் ஆட்களுக்கு அண்ணன் நானா. முகம் சரியில்லை.

"நானா, நீங்க பார்க்கிற பஸ்ஸில மிதிபலகைக்குக் கீழ ஆரோ இருக்காங்க."

"ஆர் இருக்கிறது? டிக்கெட் எடுக்காத ஆளா?" என்றேன். எனக்கு நக்கல் கொஞ்சம் கூட.

அவள் சிரிக்கவில்லை. "தட்டுறாங்க நானா. ரெண்டு ரெண்டாத் தட்டுறாங்க. ஜூட் தட்டுற மாதிரியே."

ஜூட் அந்தப் பஸ்ஸின் கொண்டக்டர். டிரைவர் மரியதாஸின் சொந்தத் தம்பி. கற்பிட்டிக் கரையைச் சேர்ந்த மீன்பிடிக் குடும்பம் அது. அண்ணன் கடலை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான். தம்பி கடலையும் விடவில்லை, பஸ்ஸையும் விடவில்லை. வேலை நாளில் இடது முன் சில்லுக்குப் பக்கத்து மிதிபலகையில் தொங்குவான், லீவு நாளில் களப்பில் வலை போடுவான். கொண்டக்டர்மாரின் பாஷை உங்களுக்குத் தெரியும். கையால் பஸ்ஸின் உடம்பில் ஒரு தட்டுத் தட்டினால் நில். இரண்டு தட்டினால் போ. ஜூட்டுக்கு அது போதாது. ரோட்டில் ஆளில்லாவிட்டால் இரண்டிரண்டாகத் தட்டிக்கொண்டே வருவான், போ போ என்று அண்ணனை விரட்டுவதுபோல. மரியதாஸ் பிரேக்கில் கால் வைத்தால்தான் கையை எடுப்பான். அந்தப் பஸ்ஸுக்குள் கழன்றது, உடைந்தது எல்லாவற்றையும் தங்கூசியால் கட்டி வைத்திருப்பான். வலைக்காரர் பாவிக்கும் நைலோன் நூலுக்கு எங்கள் கரையில் தங்கூசி என்று பெயர். திரைச்சீலை, கண்ணாடி, கதிரையின் கைபிடி, எல்லாம் தங்கூசி. "கம்பி கறள் பிடிக்கும் பாஸ், தங்கூசிக்குக் கறளே இல்ல," என்பான். அந்தச் சிரிப்புக்காகவே நானும் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுவேன்.

அப்படிப்பட்டவன் ஒரு லீவு நாளில் களப்புக்குப் போனான். வள்ளம் திரும்பி வந்தது. அதற்குள் வலை இருந்தது, சாப்பாட்டுப் பார்சல் பிரிக்காமல் இருந்தது. ஜூட் இல்லை. ஊரே இறங்கித் தேடியது. உடம்பு கிடைக்கவேயில்லை.

"அவன் மௌத்தாகிக் கொஞ்ச நாளையில தொடங்கினது நானா," என்றாள் பரீனா. "முதல்ல எல்லாரும் ஸலவாத்து ஓதினம். இப்ப பழகிட்டாங்க. சத்தம் கேட்டா, ஜூட் ஏறிட்டான் என்டு சிரிக்கிறாங்க. எனக்கு மட்டும்தான் நித்திரை இல்ல."

நான் ஒரு கேள்விதான் கேட்டேன். "மரியதாஸ் பிரேக் போட்டா அந்தத் தட்டுற சத்தம் நிக்குதா?"

"நிக்குது நானா. பட்டென்டு நிக்குது. அதுதானே பயம்."

தம்பிமார், இதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓடும்போது தட்டி, பிரேக் போட்டதும் அடங்குகிற சத்தம் ஒன்று இருந்தால், பேட்டைப் பிடிக்கிற பட்டி தளர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டும். பிடி இல்லாத பேட் ஒவ்வொரு குழியிலும் எழும்பி விழுகிறது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, ஆகவே இரண்டு தட்டு. பிரேக் போட்டதும் இரண்டும் டிஸ்க்கோடு ஒட்டிக்கொண்டு வாயை மூடிவிடும். இதெல்லாம் எனக்கு அந்த வேலியடியிலேயே விளங்கிவிட்டது. மரியதாஸ் ஏன் இத்தனை நாளாக வண்டியைக் கராஜுக்குக் கொண்டுவராமல் சாக்குச் சொன்னான் என்பது மட்டும் விளங்கவில்லை.

மறுநாள் லுஹர் தொழுதுவிட்டு, பஸ் வந்து பெண்களை ஏற்றும் இடத்துக்கு நேரே போனேன். மத்தியான ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகள் எல்லோரும் ஏறியிருந்தார்கள். மிதிபலகையில் ஏறி நின்றுகொண்டு சொன்னேன்.

"மரியதாஸ், எஞ்சினை நிப்பாட்டு. இடது பக்க முன் சில்லைப் பார்க்கணும்."

"வண்டி நல்லாத்தான் ஓடுது பாஸ்."

"தட்டுற சத்தம்?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் தொங்கிய செபமாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அதைத் திருத்த வேணாம்."

அப்படி எதுவும் இல்லை என்று அவன் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். திருத்த வேண்டாம் என்றதும் நானும் அந்தச் செபமாலையைத்தான் பார்த்தேன். அதற்குள் அவன் என்னையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு பஸ்ஸை எடுத்துவிட்டான். ஓடுகிற பஸ்ஸின் ஸ்டியரிங்கை யாரும் பிடுங்க முடியாது. ஜூட் நிற்கிற இடத்தில், ஜூட் பிடிக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அவனுக்குப் பதிலாக வேறு கொண்டக்டரை மரியதாஸ் விடவில்லை. அந்த மிதிபலகை அவ்வளவு நாளும் காலியாகத்தான் ஓடியிருக்கிறது.

பாலாவியில் திரும்பி உப்பளங்களுக்குள் போனோம். அந்த நேரத்து வெயிலை நீங்கள் அறிவீர்கள். தென்னங்கிடுகு போட்டு மூடிய உப்புக் குவியல்கள் வரம்பெல்லாம் குந்தியிருக்கின்றன. ஒரு மனிதர் இல்லை. முன்னால் ரோட்டில் கானல் ஓடுகிறது, களப்புத் தண்ணீர் ரோட்டுக்கு ஏறிவிட்டது போல. கிட்டப் போகப் போக அது விலகிப் போகிறது. அந்தத் தண்ணீரை நோக்கியே பஸ் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் என் காலுக்குக் கீழே தொடங்கியது.

டக் டக்.

கொஞ்சம் இடைவெளி.

டக் டக்.

பின்னால் கதைத்துக்கொண்டிருந்த பெண்கள் அடங்கிவிட்டார்கள். பின்பு யாரோ மெல்லச் சிரித்தார்கள். மரியதாஸின் தோள் இறங்கியது, வீடு வந்து சேர்ந்தவனுக்கு இறங்குவது மாதிரி. தம்பிமார், நான் பொய் சொல்லப்போவதில்லை. அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். எந்தப் பட்டி, எந்தப் பின் என்றுகூடத் தெரியும். இருந்தும் என் கை மயிரெல்லாம் எழும்பி நின்றது. அந்தத் தட்டில் ஓர் அவசரம் இருந்தது. இரும்பு தட்டுகிற மாதிரி இல்லை. உள்ளங்கையால் தட்டுகிற மாதிரி இருந்தது.

"கேட்டீங்கதானே பாஸ்?" என்றான் மரியதாஸ். "இதை எப்படிக் கழட்டச் சொல்றீங்க?"

"மரியதாஸ், அது பேட் ஆடுற சத்தம். பட்டி கழன்றா பேட் வெளியே வந்திரும். பஸ் நிறையப் பொம்பளப் பிள்ளைகள்."

"அவன்ட உடம்பு கிடைக்கல்ல பாஸ். கிடைச்சிருந்தா சேமக்காலையில அடக்கம் பண்ணி ஒரு சிலுவை நட்டிருப்பம். அம்மா அதுக்கு முன்னால போய்க் குந்தியாவது இருந்திருப்பா. ஒன்றுமில்ல. ஒரு சட்டைகூடக் கரை ஒதுங்கல்ல. இந்தச் சத்தம் முதல் கேட்ட அன்றைக்கு நான் ரோட்டில வண்டியை நிப்பாட்டிப் போட்டு அழுதன்." அவன் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. "நீங்க கழட்டினா அவன் எங்க போவான்?"

வண்டியைப் பற்றிக் கதைக்க வந்தவன் நான். அவன் தம்பியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தான். சத்தம்போட்டால் அவன் இன்னும் வேகமாகப் போவான் என்று பட்டது. "சரி, மெதுவாப் போ. கற்பிட்டியில நிப்பாட்டினதும் நான் பார்க்க மட்டும் செய்றன். உனக்கிட்டக் கேட்காமல் கை வைக்க மாட்டன்," என்றேன். அது பாதிப் பொய். அவன் அதை நம்பினானோ என்னவோ, வேகத்தைக் கொஞ்சம் குறைத்தான்.

நுரைச்சோலை தாண்டினோம். மின்நிலையத்துப் புகைபோக்கி பின்னால் போனது. ரோடு களப்பை ஒட்டி ஓடத் தொடங்கியது. வலது பக்கம் தண்ணீர், இடது பக்கம் மணலும் தென்னையும். மின்சாரக் காற்றாடிகள் வானத்தில் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. என் காலுக்குக் கீழே தட்டு வேகமெடுத்தது. இடைவெளி குறைந்தது. டக் டக், டக் டக், டக் டக். யாரோ கதவைத் திறக்கச் சொல்லி அந்தரப்படுகிற மாதிரி. பெண்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை. பரீனா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு ஓதிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தட்டு. பலமான தட்டு. என் பாதம் அதிர்ந்தது.

பிறகு எதுவும் இல்லை.

நான் மரியதாஸின் காலைப் பார்த்தேன். அது பிரேக்கில் இல்லை. ரோடு அதே குழி ரோடுதான். பிரேக் போடாமல் அந்தச் சத்தம் அடங்குவதற்கு ஒரு நியாயமும் இல்லை. வேலையில் நான் எத்தனையோ சத்தத்துக்குப் பயந்திருக்கிறேன், அவ்வளவும் அந்த ஒரு அமைதிக்கு முன்னால் நிற்காது.

"நிப்பாட்டச் சொல்றான்," என்றான் மரியதாஸ். அவன் முகம் வெளிறியிருந்தது. "பாஸ், ஒரு தட்டு. ஜூட் நிப்பாட்டச் சொல்றான்."

அவன் கால் பிரேக்கை நோக்கி எழும்பியது. ஒரு தட்டுக் கேட்டால் மிதிப்பது என்று அத்தனை வருடம் பழகிய கால். அதே நேரம் முன்னால் கானலுக்குள்ளிருந்து கழுதைக் கூட்டம் ஒன்று தெரிந்தது. கற்பிட்டி ரோட்டுக் கழுதைகளுக்கு ஹோர்னும் தெரியாது, மனிதரும் தெரியாது. ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன.

"பிரேக்கை மிதிக்காதே!" என்று கத்தினேன்.

தட்டுவது நின்றது என்றால் பேட்டுக்கு ஆட இடமில்லாமல் போய்விட்டது. ஒன்று அது எழும்பி எங்கோ இறுகி நிற்கிறது, அல்லது விழுந்தேவிட்டது. எது என்றாலும் இடது சில்லு பிடிக்காது. மிதித்தால் முன்னுக்கு வலது சில்லு மட்டும் கவ்வும். பஸ் வலது பக்கம் வெட்டி இழுக்கும். வலது பக்கம் களப்பு. ஜூட்டை விழுங்கிய அதே களப்பு. இவ்வளவும் என் தலைக்குள் ஓடியது, ஆனால் ஒரு சொல்லைக்கூட விளக்கமாகச் சொல்ல நேரமில்லை.

"அவன் நிப்பாட்டச் சொல்றான் பாஸ்!"

அந்த இடத்தில் நான் பட்டியையும் பின்னையும் பற்றிக் கதைத்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல இன்று நான் இருக்கமாட்டேன். என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியாது. "ஓம், ஜூட் நிப்பாட்டத்தான் சொல்றான். நிப்பாட்டு. காலால நிப்பாட்டாதே என்றும் சொல்றான். கியரை இறக்கு. இடது பக்கம் மணலுக்குள்ள விடு."

அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். கால் பிரேக்குக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பிறகு கியரை இறக்கினான். எஞ்சின் அலறியது. இன்னொன்று இறக்கினான். கழுதைகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. "இனி ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழு," என்றேன். அது பின் சில்லுகளை மட்டும் பிடிக்கும், முன்னுக்குப் போகாது. பஸ் இடது பக்கம் சரிந்து மணலுக்குள் இறங்கி, ஒரு குலுக்குக் குலுக்கி, தென்னைக்குப் பக்கத்தில் நின்றது. பின்னால் பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் கலிமாச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கழுதைகள் எங்களைத் திரும்பிப் பார்த்தன. ஒன்றுகூட அசையவில்லை.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பிள்ளைகளை இறக்கி நிழலுக்கு அனுப்பிவிட்டு, சில்லுக்கு அணை வைத்து, இடது முன் சில்லின் பின்பக்கமாகத் தலையை விட்டுப் பார்த்தேன். பட்டி இல்லை. பின் இல்லை. கிளிப் இருந்த சுவடே இல்லை. வெளிப் பேட் சரிந்து, பாதி எழும்பி, சில்லு வளையத்தின் உட்புறத்தில் முட்டி இறுகியிருந்தது. வளையத்தில் அது உரசிய இடம் புதுச் சில்லறைபோலப் பளபளத்தது. பிரேக்கை ஒரு மிதி மிதித்திருந்தால் பேட் எங்கோ போயிருக்கும், நாங்களும் போயிருப்போம். அந்த ஒற்றைத் தட்டு, பட்டி கழன்று பறந்தபோது மிதிபலகையின் அடியில் அடித்த அடி. அப்படித்தான் இருக்க வேண்டும். மிதிபலகையின் அடியில் ஒரு நசுங்கல் தேடினேன். அங்கே நசுங்கல்கள் நிறைய இருந்தன. எது புதியது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஒரு பக்கம் போனால் மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும். இதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. வலது சில்லுக்குப் போய்த் தலையை விட்டேன். பட்டி இருந்தது, பின் இருந்தது. பின்னின் நுனியில் கிளிப்புக்குப் பதிலாகத் தங்கூசி.

நெருக்கமாகச் சுற்றி, இறுக்கி, வலைக்காரர் முடிச்சுப் போட்டிருந்தது. சூட்டில் பழுப்பாகி, ஒரு பக்கம் மெழுகுபோல இளகியிருந்தது. கொஞ்ச நாளில் இதுவும் போயிருக்கும். இடது பக்கத்தில் போட்டது உருகி ஒரு தடயமும் விடாமல் போய்விட்டது. எனக்கு எல்லாம் விளங்கியது. கறள் பிடித்த கிளிப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, கறளே பிடிக்காத ஒன்றால் கட்டியிருக்கிறான். அசட்டையாகச் செய்யவில்லை. கடலில் உயிரை நம்பி விடுகிற முடிச்சைத்தான் போட்டிருக்கிறான். அங்கே உப்புத்தான் எதிரி. பிரேக்கில் சூடும் எதிரி என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அறுத்து எறிந்துவிடலாம் என்று குறடு ஒன்றை எடுத்தேன். மரியதாஸுக்கு இது தெரியவே வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் அவன் ஏற்கெனவே என் தோளுக்குப் பின்னால் முழங்காலில் நின்றுகொண்டிருந்தான்.

"ஜூட்டின்ட முடிச்சு," என்றான்.

குறடு பிடித்த கையை இறக்கினேன்.

"நுனியைப் பாருங்க. அவன் கத்தியால வெட்ட மாட்டான். பல்லால கடிச்சு நசுக்குவான், வழுக்காமல் இருக்க. அம்மா ஏசுவா, பல்லுப் போயிரும் என்று."

நுனியைப் பார்த்தேன். நைலோன் தட்டையாக நசுங்கியிருந்தது. அதில் பல்லின் தடம் அப்படியே இருந்தது, முன்பல்லின் ஓரத்தில் ஒரு சின்ன உடைவு உட்பட. ஜூட்டின் முன்பல் கொஞ்சம் உடைந்திருக்கும். சிரிக்கும்போது தெரியும். களப்பு திருப்பிக் கொடுக்காத உடம்பில் இவ்வளவுதான் மிச்சம். அது இவ்வளவு நாளும் பிரேக்குக்குள் இருந்திருக்கிறது.

"இதாலதானா பாஸ்?" என்று மரியதாஸ் கேட்டான்.

பொய் சொல்ல எனக்கு வாய் வந்தது. ஆனால் மறைத்தால் நாளைக்கு அவனே இன்னொரு வண்டிக்குத் தங்கூசி கட்டுவான். "ஓம்," என்றேன். "சூட்டில உருகிட்டுது. அதுதான் ஆடத் தொடங்கினது."

அவன் அந்த முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்தான். திட்டுவான், அல்லது அழுவான் என்று காத்திருந்தேன். "அப்ப தட்டினது அவன்தான்," என்று மட்டும் சொன்னான். நான் மறுக்கவில்லை. ஜூட் கட்டிய கட்டு உருகித்தானே அந்தத் தட்டு வந்தது. தூர நின்று பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி.

முடிச்சைக் கெடுக்காமல் அறுத்து அவன் கையில் வைத்தேன். அவன் அதைச் சட்டைப் பைக்குள் போட்டு, பையைக் கையால் பொத்திக்கொண்டான். கராஜிலிருந்து புதுப் பேட், பட்டி, பின், கிளிப் எல்லாம் லொறியில் வந்தன. இரண்டு பக்கமும் நானே பூட்டினேன். ஒவ்வொரு கிளிப்பையும் விரலால் இழுத்துப் பார்த்தேன், பிறகு மரியதாஸையும் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். அன்றிலிருந்து என் பழக்கம் அது. வண்டியை ஓட்டுகிறவன் தன் விரலால் தொட்டுப் பார்க்காமல் நான் சில்லை மூடியதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். கழன்ற பட்டியை ரோடு நெடுகத் தேடினோம். கிடைக்கவில்லை. களப்புக்குள் போயிருக்கும்.

ஷிப்ட் தவறிவிட்டதால் பிள்ளைகளை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மரியதாஸ் வெறும் பஸ்ஸைக் கொஞ்சத் தூரம் ஓட்டிப் பார்த்துத் திருப்பிக்கொண்டு வந்தான். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. அவ்வளவு சுத்தமாக ஒரு வண்டி ஓடிக் கேட்டால் எனக்கு வழமையாகச் சந்தோஷம் வரும். பரீனா ஏறும்போது மிதிபலகையைப் பார்த்துவிட்டு, "இனிச் சத்தம் வராதா நானா?" என்று கேட்டாள். நேற்றுவரை நித்திரை இல்லாமல் இருந்தவள். அவள் குரலில் இருந்தது நிம்மதியா வேறொன்றா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எல்லோரும் ஏறிவிட்டார்கள். நான் லொறியில் வருவதாகச் சொல்லிக் கீழே நின்றேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் புறப்படவில்லை. மரியதாஸ் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தான். கழுதைகள் போய்விட்டிருந்தன. ரோடு காலியாகக் கிடந்தது. அவன் எதற்குக் காத்திருக்கிறான் என்று உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், ஒருவருக்கும் கை எழவில்லை.

எனக்கு இந்த மாதிரிச் சடங்குகளில் நம்பிக்கை இல்லை. இருந்தும் கதவுக்குப் பக்கமாகப் போய், உள்ளங்கையால் பஸ்ஸின் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

பார்க்காமல் தட்டிய கை ஒரு பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்தது. பெயின்ட் தேய்ந்து, தகரம் உள்ளே குழிந்து, ஒரு கையின் அளவுக்குச் சரியாக இருந்தது. பஸ் திரும்பி நின்றதில் அந்தப் பக்கம் நிழல். களப்புக் காற்று நேரே அதில் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மற்றக் கையை வைத்துப் பார்த்தேன், தகரம் குளிர்ந்திருந்தது. பள்ளம் மட்டும் சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் கையை எடுத்த மாதிரி.

நான் என் கையை எடுக்கவில்லை. பஸ்தான் மெல்ல நகர்ந்து, என் கைக்குக் கீழிருந்து விலகிப் போனது.